ஒரே உடம்புக்கு நான்கு எண்கள்: நாளொன்றுக்கு உண்மையில் எவ்வளவு ஆற்றல் தேவை?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, எடை 72 கிலோ, உயரம் 168 செ.மீ. மதுரையில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் அலுவலக வேலை. கடந்த ஆறு மாதங்களாக என் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

என் கைபேசிச் செயலி, நாளொன்றுக்கு 1902 கிலோ கலோரி போதும் என்கிறது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரமோ, நேற்று நான் 2650 கிலோ கலோரி செலவழித்துவிட்டதாகச் சொல்லித் திரையில் பட்டாசு வெடித்துக் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) அட்டவணையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2110 என்று இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் எல்லாக் கணக்கும் 2000-ஐ வைத்துப் போடப்பட்டிருக்கிறது. செயலிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே 748 கிலோ கலோரி வேறுபாடு. அது 200 கிராமுக்கும் மேற்பட்ட அரிசி. இந்த நான்கில் எதை நம்புவது? வீட்டில் 62 வயது அம்மாவும் 11 வயது மகனும் இருப்பதால், அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

மின்வாரியத்தான்

தம்பி, கலோரி என்ற சொல் பலரை மிரட்டுகிறது. நான் முப்பது ஆண்டுகள் மீட்டரோடு வாழ்ந்தவன் என்பதால் எதையும் யூனிட்டாக மாற்றித்தான் பார்ப்பேன். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. ஆகவே உங்கள் 2110 என்பது இரண்டரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதை 24 மணி நேரத்துக்கும் பரப்பினால் ஏறத்தாழ 102 வாட், அதாவது அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் அணையாமல் எரிவதற்குச் சமம்.

நீங்கள் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் அந்த பல்பு அணைந்துவிடாது. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஓட்டுவதற்கும் உடல் வெப்பத்தைக் காப்பதற்கும் மட்டுமே உங்கள் அளவுள்ள ஓர் ஆணுக்குச் சுமார் 75 வாட் செலவாகும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுழல்வதற்கு அவ்வளவுதான் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கை, உடல் எடையில் 2 விழுக்காடே இருக்கும் மூளை எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி. பல்பு ஒன்றின் செலவில் நம் யோசனையெல்லாம் நடக்கிறது என்று சொல்லலாம்.

இது வெறும் உவமை அன்று. கல்யாண மண்டபத்துக்குக் குளிர்சாதனம் கணக்கிடுபவர்கள் தலைக்கு நூறு வாட் அளவில் வெப்பத்தைச் சேர்த்துத்தான் போடுவார்கள். ஐந்நூறு பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பிலிருந்து வரும் 50 கிலோவாட்டை வெளியேற்றவே 14 டன் வேண்டும். பந்தியில் பரிமாறிய சாப்பாடு இறுதியில் அந்த ஏ.சி.யின் வழியாகத்தான் வெளியே போகிறது.

ஊசிமுனை

ஐயாவின் சீலிங் ஃபேன் கணக்கு சரியானது. நான் உணவியல் துறையில் பணிபுரிகிறேன். நான்கு எண்களும் எங்கிருந்து வந்தன என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் செயலி. உங்கள் எண்களை மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் என்ற 1990-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் நான் போட்டுப் பார்த்தேன்: எடையைப் பத்தால் பெருக்கினால் 720, உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 1050, வயதை ஐந்தால் பெருக்கினால் வரும் 190-ஐக் கழித்து, ஆண் என்பதால் ஐந்தைக் கூட்டினால் 1585. இது நீங்கள் ஓய்வில் இருக்கும்போது ஆகும் செலவு. செயலி இதை 1.2-ஆல் பெருக்கி 1902 என்று காட்டியிருக்கிறது. பிழை அந்த 1.2-இல்தான் இருக்கிறது. அது ஏறக்குறைய படுக்கையிலேயே இருப்பவருக்குப் பொருந்தும் பெருக்கல். குளித்து, உடுத்தி, பேருந்து ஏறி, மாடிப்படி ஏறி அலுவலகம் போகும் மனிதருக்கு, உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழுவின் 2001-ஆம் ஆண்டு வரம்பு 1.40-இலிருந்துதான் தொடங்குகிறது. அப்படிப் பெருக்கினால் உங்களுக்கு 2219 வருகிறது.

அடுத்து கடிகாரம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டுக் கருவிகள் ஏழினை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஆறு கருவிகள் ஐந்து விழுக்காட்டுப் பிழைக்குள் சரியாகக் காட்டின. ஆற்றல் செலவில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. மோசமான கருவி 93 விழுக்காடு. கடிகாரத்தை நாடி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசை நம்பி இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிஸ்கட் பாக்கெட்டின் 2000 யாருடைய உடம்பிலும் அளந்து பெறப்பட்டதன்று. அமெரிக்காவில் 1990-களில் உணவுப் பாக்கெட்டின் சத்து விவரச் சீட்டுக்கான விதிகளை வகுத்தபோது, மக்கள் தாங்களே சொன்ன அளவுகளை வைத்து 2350 என்று முதலில் முன்மொழிந்தார்கள். பின்னர், நினைவில் வைக்க எளிது என்றும், கூடுதலாகத் தின்ன ஊக்குவிக்கக் கூடாது என்றும் கருதி 2000-ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டுச் சீட்டிலும் அதே 2000 பயன்படுகிறது. பாக்கெட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். உங்கள் இலைக்கு அது அளவுகோல் அன்று.

ஐசிஎம்ஆர் அட்டவணை ஒரு நல்ல ஆவணம். ஆனால் அது 65 கிலோ எடையுள்ள ஒரு மாதிரி ஆணுக்கும் 55 கிலோ எடையுள்ள ஒரு மாதிரிப் பெண்ணுக்கும் எழுதப்பட்டது. நீங்கள் 72.

பேக்கரிவாசல்

அப்படியானால் மாலை நான்கு மணி டீயும் பப்ஸும் எந்த எண்ணில் வருகின்றன என்பதையும் யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

ஊசிமுனை அம்மா சொன்ன அட்டவணையைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

2020-ஆம் ஆண்டு அட்டவணைப்படி ஆணுக்கு உட்கார்ந்த வேலை 2110, மிதமான உழைப்பு 2710, கடும் உழைப்பு 3470. பெண்ணுக்கு முறையே 1660, 2130, 2720. இந்த எண்களை 1.4, 1.8, 2.3 என்ற பெருக்கல்களால் வகுத்தால், ஆண் வரிசையில் மூன்றுமே 1507-ஐ ஒட்டி வந்து நிற்கின்றன. பெண் வரிசை 1184-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே அட்டவணையில் ஆறு எண்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இருப்பவை இரண்டு உடம்புகளும் மூன்று வாழ்க்கைமுறைகளும்தான்.

இப்போது 2010-ஆம் ஆண்டு அட்டவணைக்கு வாருங்கள். அப்போது மாதிரி ஆணின் எடை 60 கிலோ. உட்கார்ந்த வேலைக்கு 2320, மிதமான உழைப்புக்கு 2730, கடும் உழைப்புக்கு 3490. பத்தாண்டில் மாதிரி மனிதனின் எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது, அவனுக்கு ஒதுக்கிய உணவோ 210 கிலோ கலோரி குறைந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. பிரித்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. உட்கார்ந்த வேலைக்கான பெருக்கலை 1.53-இலிருந்து 1.4-க்கு இறக்கியிருக்கிறார்கள், நாற்காலியில் நாம் முன்பைவிட இறுக்கமாக உட்கார்ந்துவிட்டோம் என்பதே அதன் பொருள். இரண்டாவதாக, கிலோ ஒன்றுக்கு 25 கிலோ கலோரிக்கு மேல் இருந்த அடிப்படைச் செலவு 23 அளவுக்கு வந்திருக்கிறது. மேற்கத்திய உடல்களில் அளந்து உருவாக்கிய சூத்திரங்கள் நம் உடல்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பதை நம் ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். முந்தைய குழுக்களே ஐந்து விழுக்காடு குறைத்துத்தான் கணக்கிட்டன. ஒரே எடையில் இந்திய உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது இதற்கு முதன்மையான காரணம். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்கு 13 கிலோ கலோரி எரிக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஐந்துக்கும் குறைவாகவே எரிக்கிறது.

அந்த வகையில் பார்த்தால், சூத்திரம் வைகைக்கரைக்குச் சொன்ன 1585-கூட ஒரு நூறு அளவுக்குக் கூடுதலாக இருக்கக்கூடும். அந்தச் சூத்திரம் அமெரிக்காவில் 498 பேரை அளந்து எழுதப்பட்டது.

ஊசிமுனை

இதை ஏற்கிறேன். 2219 என்பதை நான் கல்வெட்டாகச் சொல்லவில்லை. ஒரே எடை, ஒரே வயது, ஒரே உயரம் உள்ள இருவருக்கிடையே நூறு, இருநூறு கிலோ கலோரி வேறுபாடு இருப்பது இயல்பு.

நெல்வயல்

இவ்வளவு நேரமும் நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் தஞ்சைப் பக்கம். வயது 50, எடை 44 கிலோ, உயரம் ஐந்தடிக்கும் கீழே. நடவுக் காலத்தில் காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கினால் இரண்டு மணி வரை குனிந்த இடுப்பு நிமிராது. சேற்றில் புதைந்த காலை ஒவ்வொரு அடிக்கும் உருவி எடுத்து வைப்பதற்கே தனித் தெம்பு வேண்டும். அதன்பிறகு வீட்டுக்கு வந்து விறகு, தண்ணீர், மாடு. நடவு முடியும்போது அவருடைய வளையல் மணிக்கட்டில் நிற்காது, முழங்கை நோக்கி ஏறி இறங்கும். வேலையில்லாத மாதங்களில் மீண்டும் பொருந்திவிடும். எங்கள் வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் கிடையாது, அந்த வளையல்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை ஐயாவின் 2.3 பெருக்கலை அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். சூத்திரப்படி ஓய்வுச் செலவு 970-க்கு அருகில் வருகிறது; நடவு நாளில் அது 2200-ஐத் தாண்டுகிறது, சும்மா இருக்கும் மாதத்தில் 1400 அளவில் நிற்கிறது. ஒரே பெண்ணுக்கு ஒரே ஆண்டில் இரண்டு தேவைகள், நடுவே 800 கிலோ கலோரி இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பக் கூலி கையில் வருவது வேலை முடிந்த பிறகுதான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் என்கிறது. நாளாக வகுத்தால் அது 600 கிலோ கலோரியைக்கூட எட்டாது. மீதியைக் கூலியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

அட்டவணையில் கடும் உழைப்பு என்று ஒரு வரி இருக்கிறது என்பதை இந்த இழையில் யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

கணக்குப்பிள்ளை

நெல்வயல் தொட்ட இடம் முக்கியமானது. 1979-இல் அலக் தலைமையிலான திட்டக்குழுப் பணிக்குழு வறுமைக்கோட்டை வரைந்தபோது, கிராமத்தில் தலைக்கு 2400, நகரத்தில் 2100 என்று கலோரியை வைத்துத்தான் வரைந்தது. கிராமத்துக்குக் கூடுதலாக வைத்ததற்குக் காரணம் இந்த உடலுழைப்புதான். குழந்தை, கிழவர், உழவர் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி அது. பிற்பாடு 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியோடு கட்டிய அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. வைகைக்கரையின் 2110-உம் அந்த 2100-உம் அருகருகே இருப்பது தற்செயல். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

குன்னூர்க்காரி

நான் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரை இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் உள்ளே வருகிறேன். இப்போது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் அட்டவணையை ஆக்கும் இடம், 1918-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையத்துக்குள் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆய்வாகத் தொடங்கியது. தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். 1958-இல்தான் அது ஐதராபாத் போனது. இடையில் பத்தாண்டுகள் குன்னூரில் அதை நடத்திய வாலஸ் அய்க்ராய்டு, பிறகு உலக உணவு வேளாண்மை அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய கதை. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி நம் மண்ணில் ஆய்வகத்தில் எழவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணக் கூலி வேலை நடந்த இடங்களில் எழுந்தது. 1877 தொடக்கத்தில் அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதை எதிர்த்தார். உடல் வருந்தி உழைப்பவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் தர ஒப்புக்கொண்டது.

நூறு கிராம் அரிசிக்கு 345 கிலோ கலோரி என்று வைத்து இவற்றை இன்று நான் பெருக்கிப் பார்த்தேன். டெம்பிளின் ஒரு பவுண்டு 454 கிராம், அதாவது 1566. கார்னிஷ் கேட்டது தானியத்தில் மட்டும் 2346. கடைசியில் கிடைத்த சமரசம் ஏறத்தாழ 2100. கால்வாய் வெட்டவும் சாலை போடவும் போன ஆளுக்கு, அவன் எடையை 50 கிலோ என்று குறைத்தே வைத்தாலும், 3000-ஐ ஒட்டித் தேவைப்பட்டிருக்கும். ஓர் அணாவுக்கு அந்தப் பஞ்ச விலையில் என்ன வாங்க முடிந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். மண் சுமந்தவனுக்கு அன்று தாராளம் என்று கருதப்பட்ட 2100, இன்று கணினி முன் உட்காரும் வைகைக்கரைக்கு அட்டவணை ஒதுக்கும் அதே அளவு.

அந்த 1566 என்ற எண் என்னைத் தூக்கிவாரிப் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் ஒப்புதலோடு, 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுக்குத் தரப்பட்டது சராசரியாக நாளொன்றுக்கு 1570 கிலோ கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடை, மற்றபடி கடும் வேலை இல்லை. அவர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். ஓய்வுச் செலவு 40 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. சோதனைக்காகப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கிடைத்த அதே அளவு தானியம், எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே கூலியாகத் தரப்பட்டிருக்கிறது.

மின்வாரியத்தான்

அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில்தான் வெட்டப்பட்டது என்று படித்திருக்கிறேன். அதன் கரையில் பல ஆண்டுகள் கம்பம் நட்டிருக்கிறேன். ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு மண் வெட்ட முடியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பவுண்டு அரிசியில் அது நடக்காது.

நடைராசா

மீண்டும் தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். நான் நாள்தோறும் பத்தாயிரம் அடி நடக்கிறேன். கடிகாரம் அதற்கு மட்டும் 500 கிலோ கலோரி காட்டுகிறது. ஆகவே 500-ஐக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்ற முறையில்தான் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எடையோ நான்கு கிலோ கூடிவிட்டது. பிழை எங்கே?

ஊசிமுனை

மூன்று இடங்களில்.

பத்தாயிரம் அடி என்பது ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். நடக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்துவிட்டால், சமதரையில் நடப்பதற்குக் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு அரை கிலோ கலோரி அளவே கூடுதலாகிறது. 72 கிலோ மனிதருக்கு அது 250. சமையல் கரண்டியில் இரண்டு முறை எண்ணெய் ஊற்றினால், 15 மில்லிக்கு 120 வீதம், கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது, உண்பதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. 1992-இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தபோது, அவர்கள் உண்டதில் 47 விழுக்காட்டைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உழைப்பை 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; மறந்திருந்தார்கள்.

மூன்றாவது, உடம்பு கொஞ்சம் கள்ளக்கணக்கு எழுதக்கூடியது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை 2012-இல் அளந்தபோது, உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால், அது அமெரிக்க அலுவலகவாசிகளின் செலவைவிடக் கூடுதலாக இல்லை. பல மைல் நடப்பவர்கள் அவர்கள். நடைக்காகச் செலவழிப்பதை உடல் வேறு எங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது ஆய்வாளர் போன்ட்சரின் விளக்கம். எல்லோரும் இதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை

நெல்வயலின் அம்மா இதைப் படித்தால் சிரிப்பார். மிச்சம் பிடிக்கிற உடம்புதான் வளையலை முழங்கை வரை ஏற்றியதா? எனக்கு இந்த விளக்கத்தில் ஐயம் உண்டு. அப்படிக் கணக்கை எப்படித்தான் அளந்தார்கள்?

ஊசிமுனை

நியாயமான கேள்வி. உடம்பு மிச்சம் பிடிக்கிறது என்ற கருத்தை நான் நடைக்குத்தான் சொன்னேன். உணவே போதாத உடம்புக்கு அதைப் பொருத்தக் கூடாது.

அளக்கும் முறை அழகானது. வழக்கமான ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் எடை கூடிய வகையான டியூட்டீரியமும், வழக்கமான ஆக்சிஜனுக்குப் பதில் அதன் எடை கூடிய வகையான ஆக்சிஜன்-18-உம் கொண்ட தண்ணீரை ஒரு டம்ளர் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரை மட்டும் சேகரிப்பார்கள். டியூட்டீரியம் உடம்பிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவின் அளவு. அதிலிருந்து எரித்த ஆற்றல் தெரியும். முகமூடி இல்லை, கூண்டு இல்லை, அவரவர் தத்தம் வேலையைப் பார்க்கலாம். 1955-இல் லிஃப்சன் எலிகளில் செய்தார். மனிதருக்கு 1982-இல்தான் வந்தது, காரணம் ஆக்சிஜன்-18-இன் விலை.

இந்த முறையில் 29 நாடுகளில், எட்டு நாள் சிசு முதல் 95 வயது வரை, 6421 பேரை அளந்த தொகுப்பு 2021-இல் வெளிவந்தது. வைகைக்கரையின் அம்மா, மகன் இருவருக்குமான பதிலும் அதில் இருக்கிறது. உடல் அளவுக்கு ஏற்ப ஒப்பிட்டால், ஒரு வயதுக் குழந்தை பெரியவரைவிட ஒன்றரை மடங்கு எரிக்கிறது. பிறகு இருபது வயது வரை மெல்லக் குறைகிறது. இருபதிலிருந்து அறுபது வரை அசைவதே இல்லை. முப்பதைத் தாண்டியதும் உடம்பு மந்தமாகிவிட்டது என்று நாம் சொல்லும் சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு இறங்குகிறது. அம்மாவுக்கு ஆற்றல் தேவை சற்றுக் குறைந்தாலும் புரதத் தேவை குறையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சோற்றைக் குறைக்கும்போது பருப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு. காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஓய்வுச் செலவு பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறும். அப்போது வெறும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தாதீர்கள்.

வைகைக்கரை

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். பொறுத்தருள்க. தட்டில் இருப்பதை எழுதுவது என்னால் முடியவில்லை, மூன்றாம் நாளே மறந்துவிட்டேன். அதனால் வேறு வழியில் போனேன்: வீட்டுக்குள் வரும் மளிகையை எண்ணினேன். மறப்பதற்கு அதில் இடமில்லை, சீட்டு இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். ஒரு மாதத்துக்கு அரிசி (இட்லி அரிசி உட்பட) 20 கிலோ: 70,000 கிலோ கலோரி. கோதுமை மாவு நான்கு கிலோ: 13,600. உளுந்து, துவரை முதலிய பருப்புகள் நான்கு கிலோ: 13,600. எண்ணெய் நான்கு லிட்டர்: 32,760. சர்க்கரையும் வெல்லமும் மூன்று கிலோ: 12,000. பால் 40 லிட்டர்: 24,000. தேங்காய் பத்து: 11,000. காய், பழம், முட்டை எல்லாம் சேர்த்துக் குத்துமதிப்பாக 20,000. கூட்டினால் 1,97,000-க்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு ஏறத்தாழ 6570.

தேவையை இப்படிப் போட்டேன்: எனக்கு 2219, மனைவிக்கு 1742, அம்மாவுக்கு 1483, மகனுக்கு அட்டவணையில் பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கு உள்ள 2220. மொத்தம் 7664. என் மகன் என்னளவுக்குச் சாப்பிட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். உருவத்தில் சிறியவனுக்குப் பாதிச் சோறு என்றுதான் இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, வீட்டுக்குள் வருவதைவிடத் தேவை நாளுக்கு 1100 கூடுதல். ஆனால் யாரும் இளைக்கவில்லை. முதலில் சூத்திரம் பிழை என்று நினைத்தேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுபோல் அதில் சிறு பங்கு சூத்திரத்தின் மிகையாக இருக்கலாம். மீதி எங்கே என்பதை மனைவிதான் காட்டினார். அலுவலகக் கேன்டீனில் என் மதியச் சாப்பாடு, மகனின் பள்ளி வாசல் தீனி, ஞாயிறு பரோட்டா, பேக்கரிவாசல் நண்பர் கேட்ட நான்கு மணி டீயும் பப்ஸும். எங்கள் குடும்பத்தின் உணவில் ஏழில் ஒரு பங்கு அடுப்படியைத் தொடாமலே நடந்திருக்கிறது. உண்மையான பங்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குப்பைக்குப் போன சோறு, பொரித்தபின் கொட்டிய எண்ணெய் எதையும் நான் கழிக்கவில்லை.

குன்னூர்க்காரி

தம்பி, நீங்கள் செய்தது ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நாட்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வீடுவீடாகப் போய்க் கேட்பது இதே கேள்விகளைத்தான். கணக்கு தவறும் இடமும் இதேதான். என் பாட்டி ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று தலைதட்டி அளந்து உலையில் போடுவார். அந்த ஆழாக்கு இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று நிறுத்துப் பார்த்தேன்: 140 கிராம் அரிசி, 490 கிலோ கலோரி. தோட்டத்து வேலை இருக்கும் நாளில் மட்டும் தலைதட்ட மாட்டார், கோபுரமாகவே போடுவார்.

நடைராசா

ஒரே ஒரு ஐயம். வைகைக்கரை நண்பரின் பட்டியலில் எண்ணெய் மட்டுமே ஆளுக்கு நாளொன்றுக்கு 273 வருகிறதே, நான் ஏழு கிலோமீட்டர் நடப்பதைவிட அது கூடுதல் அல்லவா?

வைகைக்கரை

ஆம். அதனால்தான் இந்த மாதம் முதல் தேதியன்று எண்ணெய்ப் பாக்கெட்டுகள் மீது மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். வழக்கமாக 22-ஆம் தேதி பிரிக்கும் நான்காவது பாக்கெட்டை இம்முறை 26-ஆம் தேதி பிரித்தோம். அன்று மாலையே சித்தப்பா குடும்பத்தோடு வந்தார், அம்மா வடை சுட்டார். அதற்குப் பிறகான கணக்கு என்னிடம் இல்லை.